நாப்பதாயிரத்துக்கு ஒரு விளையாட்டுப் பொட்டி

மல்லாட்டை வித்த கணக்கு எழுதுற நோட்டை எடுத்தேன். கடைசிப் பக்கத்துல என் எழுத்து இல்லாத எழுத்து. மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு பட்டியல். பிராசசர், போர்டு, ரேம், கார்டு, எஸ்எம்பிஎஸ்னு எழுதி, எதிரே விலை போட்டு, கூட்டி, அடிச்சி, திரும்பக் கூட்டி வெச்சிருந்தது. கடைசியா 40,000-ன்னு எழுதி ரெண்டு கோடு.

பட்டணத்துல இருக்கறவங்களுக்காக ஒரு வார்த்தை: எங்க விழுப்புரம் பக்கம் நிலக்கடலையை மல்லாட்டைன்னுதான் சொல்லுவோம். அந்த வருஷம், 2023-ல, ஒன்றரை ஏக்கர் போட்டு 14 மூட்டை பருப்பு கமிட்டிக்குப் போச்சு. உழவு, விதை, களை, பறிகூலி எல்லாம் கழிச்சா கையில நின்னது ஐம்பதாயிரத்துச் சொச்சம். அதுல கொல்லைக்குப் போற பைப் லைனை மாத்தணும்னு நெனச்சிருந்தேன். நாலு இடத்துல ஒழுகுது. சைக்கிள் டியூபைச் சுத்திச் சுத்தி ஓட்டிக்கிட்டிருக்கேன்.

அந்தப் பட்டியலை எழுதினது சின்னவன். 21 வயசு. பி.காம் முடிச்சிட்டு டவுன்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல பில் என்ட்ரி போடுறான், மாசம் 9,000. எங்கிட்ட நேரா வந்து கேக்கல. நான் தெனம் எடுக்கிற நோட்டுல எழுதி வெச்சிட்டுப் போயிட்டான். அப்போ நாங்க ரெண்டு பேரும் அப்படித்தான் இருந்தோம்.

அதுக்குக் காரணம் இருக்கு. சின்னவன் கபடி ஆடுறவன். எங்க ஊர் டீம்ல வலது கார்னர். 2022 பொங்கலுக்குப் பக்கத்து ஊர்ல நடந்த மேட்ச்ல ரைடரோட காலைப் புடிச்சான், மேல மூணு பேரு விழுந்தாங்க, முட்டியில ஜவ்வு கிழிஞ்சிடுச்சு. ஆபரேஷன் ஆச்சு. டாக்டர், நடக்கலாம், வண்டி ஓட்டலாம், கபடி மட்டும் வேணாம்னு சொல்லிட்டாரு. அதை அவன் வாயைத் தொறக்காம கேட்டுக்கிட்டான். ஊருக்கு வந்த பிறகு சாயங்காலம் மைதானத்துப் பக்கமே போறதில்ல. ஆபீஸ் விட்டு வந்தா சுவத்துல சாஞ்சிக்கிட்டு போன்ல விளையாட்டு. நான் ஒண்ணு சொல்ல, அவன் ஒண்ணு சொல்ல, கடைசில ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்றதில்லன்னு ஆயிடுச்சு.

பட்டியலைப் பார்த்ததும் எனக்குக் கோவம்தான் வந்தது. "இது இன்னாடா?"ன்னேன்.

"கேமிங் பிசி. 15,000 எங்கிட்ட இருக்கு. மீதி மாசா மாசம் குடுத்துடறேன்."

"விளையாடறதுக்கா நாப்பதாயிரம்? பைப்பு ஒழுகுது, உனக்கு விளையாட்டு கேக்குதா?"

அவன் நோட்டை மூடி வெச்சிட்டு எழுந்து போயிட்டான். முட்டி மடங்காம ஒரு பக்கமா ஊணி எழுந்திருப்பான். அதைப் பார்த்தா எனக்கு மேல பேச வராது.

ராத்திரி சோறு போடும்போது எங்க வீட்ல கேட்டாங்க: "நீங்க ஊர் ஊரா கபடி ஆடப் போனப்ப மாமா இன்னா சொன்னாரு?"

எங்கப்பா இன்னா சொல்லுவாரு? திட்டுவாரு. அறுப்பு நேரத்துல கூட ராத்திரி மேட்ச்னு லாரி ஏறிடுவேன். விடியக்கால மூணு மணிக்கு வருவேன். திண்ணையில படுத்திருக்கவர் எழுந்து உக்காந்து, பரம்பரையே கேக்குற மாதிரி திட்டுவாரு. ஆனா ஒரு நாளும் கதவுக்குத் தாழ்ப்பா போட்டதில்ல. உள்ள சோறு மூடி வெச்சிருக்கும்.

மறுநாள் சாயங்காலம் நானே நோட்டை எடுத்துக்கிட்டுப் போய் அவன் பக்கத்துல உக்காந்தேன். "எனக்கு இது ஒண்ணும் தெரியாது. ஒவ்வொண்ணா சொல்லு. புரிஞ்சாத்தான் காசு"ன்னேன்.

அவன் சொல்ல ஆரம்பிச்சான். பிராசசர்தான் கணக்குப் போடுற மூளை. கிராபிக்ஸ் கார்டு படம் வரையறது. விளையாட்டுக்கு அதுதான் முக்கியம், விலையும் அதுக்குத்தான் கூட. ரேம் வேலை நடக்கும்போது சாமான் பரப்பி வைக்கிற இடம். எஸ்எஸ்டி குதிரு மாதிரி, மொத்தத்தையும் சேத்து வைக்கிறது. போர்டுலதான் எல்லாம் வந்து சேரும். எஸ்எம்பிஎஸ் எல்லாத்துக்கும் கரண்ட் பிரிச்சிக் குடுக்கும்.

முதல் பட்டியல்ல இன்டெல் ஐ3-12100எஃப் பிராசசரும், ஆர்எக்ஸ் 580-ன்னு ஒரு பழைய கார்டும் எழுதியிருந்தான். கார்டு செகண்ட் ஹேண்ட். எதுக்கு இவ்ளோ மலிவா வருதுன்னு கேட்டேன். எத்திரியம்னு ஒரு காசு இருக்காம். அதை எடுக்கறதுக்கு இந்த கார்டுகளை ராத்திரி பகலா ஓட விட்டாங்களாம். 2022 செப்டம்பர்ல எத்திரியம் முறையை மாத்திட்டதால இனிமே கார்டு தேவையில்லன்னு ஆகி, ஓடிக் களைச்ச கார்டெல்லாம் சந்தைக்கு வந்துடுச்சாம்.

"அப்போ இது செக்குல சுத்தின மாடு"ன்னேன். அவன் சிரிச்சிட்டான். ரொம்ப நாள் கழிச்சு.

"மாட்டை வாங்கும்போது பல்லைப் பார்ப்போம், நடக்க விட்டுப் பார்ப்போம். கார்டுக்கு எந்தப் பல்லைப் பார்ப்ப?"

"பார்க்க முடியாதுப்பா. தொடைச்சி, புது பேஸ்ட் போட்டு, புதுசு மாதிரி ஆக்கிடுவாங்க."

"இன்னொண்ணு கேக்கறேன். அந்த கார்டு நின்னு போச்சுன்னா?"

அவன் கொஞ்ச நேரம் யோசிச்சான். அந்த ஐ3 பேருல கடைசில இருக்கிற 'எஃப்'-புக்கு அர்த்தமே உள்ள படம் வரையற பகுதி கிடையாதுன்னுதான். கார்டு போனா ஸ்கிரீன்ல ஒண்ணும் வராது. மொத்தப் பொட்டியும் சும்மா கெடக்கும்.

அன்னைக்கு ராத்திரி பூரா போன்ல தேடிட்டு, காலையில வேற பட்டியலோட வந்தான். ஏஎம்டி ரைசன் 5 5600ஜி. ஆறு கோர், 12 த்ரெட். படம் வரையற பகுதியும் அதுக்குள்ளயே இருக்கு. தனி கார்டு அளவுக்கு வேகம் இருக்காது, ஆனா அவன் ஆடணும்னு நெனக்கிற வாலரண்ட் விளையாட்டுக்குப் போதும்னான். பின்னாடி காசு வந்தா கார்டு வாங்கிச் சொருகிக்கலாம். இதுக்கு மேல புதுசா ஏஎம்5-ன்னு ஒரு ரகம் வந்திருக்காம். அதுக்கு டிடிஆர்5 ரேம்தான் போடணுமாம், எல்லாம் விலை கூட. "அது நமக்கு வேணாம்"னு அவனே சொன்னான்.

முதல்ல கெணறு வெட்டுவோம், ஏத்தம் போட்டு இறைப்போம், கையில காசு சேந்தா மோட்டார் வைப்போம். எங்கப்பா காலத்துல அப்படித்தான் நடந்தது. அதனால இந்தப் பட்டியல் எனக்குப் புரிஞ்சது.

ரேம்ல ஒரு விஷயம் சொன்னான். 16 ஜிபி வாங்கறதுன்னா ஒரே குச்சியா 16 வாங்கக் கூடாது, 8-8ன்னு ரெண்டு குச்சி வாங்கணும். ஏன்னா இந்த 5600ஜி-க்குப் படம் வரையறதுக்குன்னு சொந்த மெமரி கிடையாது, ரேம்ல இருந்துதான் பங்கு எடுத்துக்கும். ரெண்டு குச்சி இருந்தா ரெண்டு வழியாவும் ஒரே நேரத்துல எடுக்கலாம். ஒரு குச்சின்னா ஒரே வழி, விளையாட்டு இழுக்கும்.

இதுக்கு எனக்கு விளக்கமே தேவைப்படல. எங்களுது பங்கு கெணறு. பங்காளிங்க மூணு பேருக்கு ஒரு கெணறு, முறை வெச்சு எறைக்கணும். தனி கார்டுன்னா சொந்த போர். பங்கு கெணறா இருந்தாலும் ரெண்டு மடை இருந்தா ரெண்டு கழனி ஒரே நேரத்துல பாயும். "ரெண்டு குச்சியே வாங்கு"ன்னேன்.

அடுத்து எஸ்எம்பிஎஸ். அதுக்கு அவன் 1,200 ரூபா எழுதியிருந்தான். எல்லாத்துலயும் கம்மி அதுதான். "இது ஆட்டத்துக்கு வேகம் குடுக்காதுப்பா. இதுல மிச்சம் புடிச்சி பிராசசர்ல போடலாம்"னான்.

இந்த இடத்துலதான் எனக்கு ஒரு பழைய காயம் இருக்கு. பத்து வருஷத்துக்கு முன்ன போர்ல எறக்க ஒரு சப்மர்சிபிள் வாங்கினேன். நாலாயிரம் கம்மியா குடுக்கறேன்னான் ஒரு கடைக்காரன். ஸ்டிக்கர்ல 5 எச்பி. உள்ள காயில் கட்டினது செம்பு இல்ல, அலுமினியம். ஒரே வருஷத்துல மூணு தடவ எரிஞ்சுது. ஒவ்வொரு தடவையும் மோட்டாரை மேல ஏத்த ஆள் கூலி, காயில் கட்டக் கூலி, திரும்ப எறக்கக் கூலி. அதுக்குள்ள பயிர் வாடிப் போச்சு. நாலாயிரம் மிச்சம் புடிச்சவன் இருபதாயிரம் விட்டேன்.

"ஸ்டிக்கரைப் பாத்து வாங்காத. கண்ணுக்குத் தெரியாத எடத்துலதான் ஏமாத்துவாங்க"ன்னேன்.

எஸ்எம்பிஎஸ்லயும் அதே கதைதானாம். பேர் தெரியாத கம்பெனியில 450 வாட்னு ஒட்டியிருப்பான், அதுல பாதி கூட நின்னு தராதாம். எரிஞ்சா தான் மட்டும் எரியாம போர்டையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போனாலும் போகும். நல்லதுக்கு '80 பிளஸ்'னு ஒரு முத்திரை. அதுல பிரான்ஸ்னு இருந்தா, பாதி லோடுல நூறு எடுத்தா குறைஞ்சது 85 உள்ள போய்ச் சேரும், மீதி சூடாப் போயிடும். மண் வாய்க்கால்ல பாதி தண்ணி பூமி குடிச்சிடற மாதிரின்னு நெனச்சிக்கிட்டேன். பிரான்ஸ் முத்திரை போட்ட 550 வாட்டுக்கு 4,100 ரூபா. பின்னாடி கார்டு வந்தாலும் தாங்கும். அந்தக் காசுக்காக போர்டைச் சாதாரண ஏ520-க்குக் கொறச்சான், கலர் கலரா எரியற லைட்டு வெச்ச கேபினெட்டை விட்டான். லைட்டை விட்டதுல அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஒரு சனிக்கிழமை விடியக்கால ரயில்ல எழும்பூர் போய் இறங்கி, ஆட்டோ புடிச்சி ரிச்சி தெருவுக்குப் போனோம். மவுண்ட் ரோடு பக்கத்துல அந்தத் தெருவும் நரசிங்கபுரம் தெருவும் சேந்தாப்பல, எலெக்ட்ரிக்கும் கம்ப்யூட்டரும்தான். எங்க ஊர் மாட்டுச் சந்தை மாதிரியே இருந்தது. கூப்பிடறது, வெல சொல்றது, முகத்தைப் பாத்து வெல ஏத்தறது எல்லாம் ஒண்ணுதான். நான் வேட்டி கட்டிக்கிட்டு மஞ்சப்பையோட போனதால, முதல் ரெண்டு கடையில என்னைப் பாத்துத்தான் வெல சொன்னாங்க. மூணாவது கடையில நான் வெளிய நின்னுக்கிட்டு அவனை மட்டும் அனுப்பினேன். நானூறு ரூபா கொறஞ்சுது.

ஒரு கடைக்காரர், "பில்லு வேணாம்னா 18 சதவீதம் ஜிஎஸ்டி இல்லாம போட்டுத் தரேன்"னாரு. நாப்பதாயிரத்துக்குக் கணக்குப் போட்டா ஆறாயிரத்துக்கு மேல. எனக்கு ஆசைதான். சின்னவன் காதுல சொன்னான்: "வாரண்டி மூணு வருஷம்ப்பா. பில் இல்லாம யாருகிட்ட போய் நிக்கறது?" ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை செய்யறவன் வேற. பில்லோடவே வாங்கினோம். போர்டு வாங்கும்போது அது பழைய ஸ்டாக்கா, 5600ஜி-யை ஏத்துக்கிற பயாஸ் போட்டிருக்கான்னு கேட்டான். பழசா இருந்தா, சொருகினாலும் அந்த பிராசசரை அடையாளம் தெரியாதாம். கடைப் பையன் இவனைப் பார்த்த பார்வை மாறிடுச்சு. சந்தையில மாட்டோட சுழி தெரிஞ்சவன் வந்தா தரகன் பாக்கற பார்வை அது.

எஸ்எம்பிஎஸ் எடுக்கும்போதுதான் நான் வாயைத் தொறந்தேன். ரெண்டு கம்பெனி எடுத்து வெச்சாங்க. ரெண்டும் 550 வாட், ரெண்டும் பிரான்ஸ், நூறு ரூபாதான் வித்தியாசம். சின்னவன் மலிவானதைக் கையில எடுத்துட்டான்.

"தம்பி, இது எத்தனை வோல்ட்டுக்கு ஓடும்?"னு கேட்டேன்.

"எல்லாம் வீட்டு கரண்டுக்குத்தான் அங்கிள்."

"வீட்டு கரண்டுன்னா எவ்ளோ? எங்க ஊர்ல சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாரும் லைட்டு, கிரைண்டரு போட்டா 170-க்கு வந்துடும். டியூப் லைட்டு கண்ணு சிமிட்டும்."

அவன் பொட்டியைத் திருப்பிப் பாத்தான். மலிவானதுல உள்ள வர்ற கரண்டு 200-240-ன்னு எழுதியிருந்தது. இன்னொண்ணுல 100-240. சின்னவன் அதை வாங்கி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பாத்தான். "இதை நான் பாக்கவே இல்லப்பா"ன்னான். பத்து நாளா அவன் பாத்த வீடியோவுல யாருக்கும் சாயங்காலம் 170 வோல்ட் வராது போல.

"யூபிஎஸ் வாங்கறோமே, அது தாழ்ந்தா தூக்கிக் குடுக்கும்"னு கடைப் பையன் சொன்னான். யூபிஎஸ்ஸுல பேட்டரி போனா? ரெண்டு மூணு வருஷத்துல போயிடும். நூறு ரூபா கூடப் போட்டு 100-240 வாங்கினோம். அன்னைக்கு அந்தத் தெருவுல நான் செஞ்ச வேலை அது ஒண்ணுதான். ஆனா ரயில்ல வரும்போது சின்னவன் அதையே ரெண்டு தடவ சொன்னான்.

கணக்கு இது. பிராசசர் 11,500. போர்டு 5,200. ரேம் 8-8 ரெண்டு குச்சி 3,400. எஸ்எஸ்டி 500 ஜிபி 2,800. எஸ்எம்பிஎஸ் 4,100. கேபினெட் 2,600. மானிட்டர் 22 இன்ச் 6,800. கீபோர்டும் மவுஸும் 900. யூபிஎஸ் 600 விஏ 2,600. கூட்டினா 39,900. மிச்சம் நூறு ரூபாயில ஆளுக்கு ஒரு பொங்கல், ஒரு டீ. அன்னைக்கு வாங்கின விலை அது. இன்னைக்கு நீங்க போனா வேற மாதிரி இருக்கும். ஆனா எதுக்கு எவ்ளோ பங்கு குடுத்தோம்ங்கறதைப் பாத்துக்கங்க.

பிராசசரை நான் மஞ்சப்பையில போட்டு மடியிலயே வெச்சிக்கிட்டு வந்தேன். உள்ள இருக்கிற சில்லு ஒரு தீப்பெட்டி அகலம் இருக்கும், அவ்ளோதான். அந்தக் காசுக்கு ஒரு ஏக்கருக்கு விதைக் கடலை வாங்கி மிச்சமும் இருக்கும். எதிர்ல உக்காந்த அம்மா "இன்னாங்க, நகையா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன்.

வீட்டுக்கு வந்த உடனே மாட்ட ஆரம்பிச்சிடுவான்னு பார்த்தேன். நான்தான் நிறுத்தினேன். எங்க வீட்டுல மூணு ஓட்டை இருக்கிற பிளக்கு பாயிண்ட் எல்லாத்துலயும் இருக்கு, மூணாவது ஓட்டையில கம்பி கிடையாது. எர்த் போடாத வீடு. இவன் சினேகிதன் வீட்டு கம்ப்யூட்டரைத் தொட்டா சுரீர்னு இருக்கும்னு சொல்லியிருக்கான். அது கம்ப்யூட்டர் கோளாறு இல்ல, எர்த் இல்லாத கோளாறு. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ள கசியற கொஞ்ச கரண்டுக்குப் போறதுக்கு வழி இல்லாம இரும்புப் பொட்டியில வந்து நிக்குது.

ஞாயித்துக்கிழமை காலையில வீட்டுக்குப் பின்னாடி, தண்ணி ஓடற இடமாப் பாத்து நெஞ்சளவு குழி வெட்டினேன். நடுவுல ஜிஐ பைப்பு, சுத்தி ஒரு அடுக்கு அடுப்புக்கரி, ஒரு அடுக்கு கல்லுப்பு, திரும்பக் கரி, திரும்ப உப்பு. மேல தண்ணி ஊத்தினேன். வயர்மேன் வந்து கம்பியை இழுத்து பாயிண்ட்ல கொடுத்து, பல்பு வெச்சிப் பாத்தாரு, பளிச்சுன்னு எரிஞ்சுது. சின்னவன் குழி ஓரத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிட்டு கரியை உடைச்சிக் குடுத்தான். உக்காந்தபடி அவனால அதுதான் முடியும். நாங்க ரெண்டு பேரும் சேந்து ஒரு வேலை செஞ்சு ஒன்றரை வருஷம் இருக்கும்.

சாயங்காலம் கட்டில் மேல வெள்ளை வேட்டி விரிச்சி எல்லாத்தையும் பரப்பினான். நான் டார்ச்சு புடிச்சேன். பிராசசருக்கு அடியில ஆயிரத்துக்கு மேல ஊசி, நெல்லுச் சுணை மாதிரி. ஒண்ணு வளைஞ்சாலும் வம்பாம். மூலையில ஒரு சின்ன முக்கோணம் இருக்கு, அதைப் போர்டுல இருக்கிற முக்கோணத்தோட சேத்து வெச்சான். அமுக்கவே இல்ல, தானா உள்ள எறங்குச்சு. அவன் கை நடுங்கல, என் கையில டார்ச்சுதான் ஆடுச்சு.

எல்லாம் மாட்டி சுவிட்சைப் போட்டா, ஃபேன் சுத்துது, ஸ்கிரீன்ல ஒண்ணுமில்ல. கருப்பு.

அவன் முகம் செத்துப் போச்சு. எனக்கு உள்ள நாப்பதாயிரமும் பைப்பும் ஒண்ணா வந்து போச்சு. ஆனா மோட்டார் போட்டுத் தண்ணி வரலன்னா முதல் வேலையா மோட்டாரைப் பிரிக்கக் கூடாது, எங்க காத்து இழுக்குதுன்னு ஒவ்வொரு ஜாயிண்டாப் பாக்கணும். "சொருகினதை எல்லாம் திரும்ப ஒரு தடவ பாருடா, அவசரப்படாத"ன்னேன். கரண்டை நிறுத்திட்டு ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்தான். ரேம்ல ஒரு குச்சி முழுசா எறங்கல. பயந்து பயந்து மெல்லமா வெச்சிருக்கான். நல்லா அமுக்கினப்ப 'டக்'குனு சத்தம் வந்தது. திரும்பப் போட்டோம். எழுத்து வந்துடுச்சு. எங்க வீட்ல அடுப்படியில இருந்து எட்டிப் பாத்து, "வந்துடுச்சா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

பின்பக்கம் கார்டு வர்ற இடத்துல இருக்கிற சந்தை எல்லாம் தகடு வெச்சி மூடச் சொன்னேன். ஏன்னு கேட்டான். எங்க ஸ்டார்டர் பொட்டியில வருஷத்துக்கு ஒரு பல்லி செத்துக் கெடக்கும், எறும்பு போய் பாயிண்ட்ல உக்காந்து மோட்டார் எடுக்காது. இதுவும் சூடா இருக்கிற பொட்டிதானே, மழை நாள்ல அதுங்க வராம எங்க போகும்?

இது நடந்து சில மாசம் ஆச்சு. அந்த வாலரண்ட்ங்கறது இந்தப் பக்கம் அஞ்சு பேர், அந்தப் பக்கம் அஞ்சு பேர் ஆடற ஆட்டம். இவன் கூட ஆடற நாலு பேருல ரெண்டு பேர் பழைய கபடி டீம் பசங்க, இப்போ திருப்பூர்ல வேலையில இருக்காங்க. ஒருத்தன் மதுரை. இன்னொருத்தன் யாருன்னு இவனுக்கே முகம் தெரியாது. முதல் வாரம் ஒரு ராத்திரி திண்ணையில படுத்திருந்தேன். உள்ள இருந்து சத்தம்: "ரைட்ல வரான், ரைட்ல! விடாத, இரு, இரு... இப்ப!"

எழுந்து உக்காந்துட்டேன். கார்னர்ல நிக்கறவன் போடற சத்தம் அது. ரைடர் உள்ள வரும்போது பக்கத்துல இருக்கிறவனுக்குக் குடுக்கிற குரல். அந்தக் குரலை நான் பொங்கலுக்கு அப்புறம் கேக்கவே இல்ல.

அது கபடி ஆகாதுன்னு எனக்குத் தெரியும். மண்ணு ஒட்டாது, மூச்சு வாங்காது, விழுந்தா தூக்கி விட ஆள் இருக்காது. கண்ணு கெடும்னு சொல்லியிருக்கேன். மணிக்கு ஒரு தடவ எழுந்து நடந்து முட்டியை நீட்டணும்னு சொல்லியிருக்கேன், அதுக்கு மட்டும் கேக்கறான். ராத்திரி ஒரு மணி ஆனா, "கரண்ட் பில்லு யாருடா கட்டறது, காலையில வேலைக்குப் போவணுமா வேணாமா"ன்னு திண்ணையில இருந்து சத்தம் போடுவேன். மெயின் சுவிட்ச் என் தலைமாட்டுலதான் இருக்கு. அதுல நான் கை வெச்சதில்ல.

ஒரு லாபமும் இருக்கு. ராத்திரி கரண்டு போனா யூபிஎஸ் கீ கீன்னு கத்தும், நிறுத்தினா வந்துடுச்சுன்னு அர்த்தம். "அப்பா, வந்துடுச்சு"ன்னு உள்ள இருந்து குரல் குடுப்பான். நான் டார்ச்சை எடுத்துக்கிட்டு மோட்டார் போடப் போவேன்.

போன வாரம் கணக்கு எழுத நோட்டை எடுத்தேன். கடைசிப் பக்கத்துல திரும்பவும் அவன் எழுத்து. மாசா மாசம் எனக்குத் திருப்பிக் குடுத்ததை வரிசையாப் போட்டிருக்கான். கீழ புதுப் பட்டியல். நான் கார்டுன்னு நெனச்சிக்கிட்டே பாத்தேன். கார்டும் இருக்கு, ரெண்டாவது வரியில. முதல் வரியில 'பைப்பு, 3 இன்ச், 40 நீளம்'னு எழுதி, டவுன்ல ரெண்டு கடையில விசாரிச்ச விலையும் போட்டு வெச்சிருக்கான். கூட்டி, அடிச்சி, திரும்பக் கூட்டியிருக்கான்.

ஏரியில இன்னும் தண்ணி ஏறல. மழை பெய்யட்டும், மார்கழிப் பட்டம் எப்படிப் போவுதுன்னு பாப்போம்.